அந்தமானில் கற்றவன் பனிக்கு அடியில் இறங்கலாமா?

எஸ்போவாசி:

வணக்கம். நான் பின்லாந்தின் எஸ்போ நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். டைவிங் கற்றது அந்தமானில், ஹேவ்லாக் என்று எல்லோரும் இன்னும் சொல்லும் ஸ்வராஜ் தீவில். அட்வான்ஸ்டு சான்றிதழ் வரை முடித்துவிட்டேன். பிறகு புதுச்சேரி, நேத்ராணி, மாலத்தீவு. எல்லாமே 28, 29 டிகிரித் தண்ணீர். 3 மில்லிமீட்டர் வெட்சூட்டுக்கு மேல் எதையும் போட்டுப் பழக்கமில்லை.

என் அலுவலகத்தில் ஒரு குழு ஒவ்வொரு மார்ச் மாதமும் ஏரியில் பனியை அறுத்து உள்ளே இறங்குகிறது. இந்த முறை என்னையும் அழைக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் லோஹ்யாவில் உள்ள ஓயாமோ சுரங்கத்திலும் டைவ் செய்பவர்கள். நீரில் மூழ்கிப்போன பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் அது. அடியில் கோடையிலும் 4 டிகிரிதான் என்கிறார்கள். இந்தக் குளிர்காலம் பனி, அடுத்த குளிர்காலம் சுரங்கம் என்று எனக்குத் திட்டமே போட்டுவிட்டார்கள்.

வெதுவெதுப்பான கடலில் கற்றது இங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? குளிர்தான் பிரச்சினையா, தலைக்கு மேலே மூடியிருப்பது பிரச்சினையா? என்னிடம் சொந்த ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) இருக்கிறது, சாதாரண பிஸ்டன் வகை, இதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை. அதையே கொண்டுபோகலாமா? கடைசியாக ஒன்று: மேலே வந்ததும் நேராக சௌனா என்ற சூடான நீராவி அறைக்குள் போய்விடுவார்களாம். அது உடம்புக்குச் சரிதானா?

மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

மணற்கரை:

ஹெல்சின்கியிலிருந்து மாலத்தீவுக்கு விமானமே கிடையாதா? அங்கே ஆனைத்திருக்கை தலைக்கு மேலே வந்து வட்டமடிக்கும். இங்கே ஓட்டை போட்டு இறங்கினால் சேற்றில் ஒரு மீன் தூங்கிக்கொண்டிருக்கும், அதையும் எழுப்பக் கூடாது என்பார்கள். பணம் கொடுத்து நடுங்குவதற்கு ஒரு பொழுதுபோக்கா? என் வாக்கு தெற்குப் பக்கம்.

வடகடல்:

தம்பி, மணற்கரை சொன்னதில் மீன் தூங்குவது மட்டும் உண்மை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிட்டால் என் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யலாம். பிறந்தது வல்வெட்டித்துறை. அப்பா நோர்வேயின் பின்மார்க்கில் மீன் ஆலை வேலைக்கு வந்தார். சில வருடங்களில் நாங்களும் வந்து சேர்ந்தோம். இப்போது வட நோர்வேயில் மருத்துவமனை ஒன்றில் தாதி. சுழியோடப் பழகியதே 4 டிகிரித் தண்ணீரில்தான். வெப்பக் கடலை வெகு காலத்துக்குப் பிறகு திருகோணமலையில், கோணேசர் கோயில் மலைக்கு அடியில்தான் முதலில் பார்த்தேன். அங்கே இறங்கியதும் எனக்கு வந்த எண்ணம், 'இவ்வளவுதானா?' கையில் கையுறை இல்லை. இடுப்பில் எடை இருப்பதே தெரியவில்லை. முழுக் கவனத்தையும் மீன்களுக்குக் கொடுக்க முடிந்தது பாருங்கள், அதுதான் வெப்பநீர் தரும் பெரிய சலுகை. குளிர்நீரில் கவனத்தில் பாதியைக் கருவியும் விரல்களும் எடுத்துக்கொண்டுவிடும்.

குளிரா, மூடியா என்று கேட்டீர்கள். இரண்டும் வேறு வேறு பாடங்கள். இரண்டையும் ஒரே வார இறுதியில் படிக்கச் சொல்லும் உங்கள் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மூடியை முதலில் பார்ப்போம். திறந்த கடலில் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடங்கள் எல்லாவற்றுக்கும் கடைசி வரி ஒன்றே. காற்று தீர்ந்தால் மேலே போ. கூட்டாளியைக் காணவில்லையா, ஒரு நிமிடம் தேடு, பிறகு மேலே போ. ரெகுலேட்டர் நிற்காமல் காற்றைக் கொட்டுகிறதா, அதையே உறிஞ்சிக்கொண்டு மெல்ல மேலே போ. பனிக்கு அடியிலும் குகையிலும் அந்தக் கடைசி வரியை அழித்துவிடுகிறார்கள். வெளியே போகும் வழி பக்கவாட்டில் எங்கோ இருக்கிறது. பிரச்சினையை இருக்கும் இடத்திலேயே தீர்த்துவிட்டு, பிறகு அங்கே போய்ச் சேர வேண்டும். அந்தமானில் நீங்கள் எத்தனை முறை இறங்கியிருந்தாலும் இந்தப் பழக்கம் வந்திருக்காது. அது உங்கள் குறையில்லை, அங்கே தேவைப்படாததால் வரவில்லை.

இப்போது குளிர். காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கும். நடைமுறையில் உடம்பு நடுங்குவதற்கு வெகு முன்பாகக் கை போய்விடுகிறது. முதல் நிமிடம் நெற்றி வலிக்கும்; பிறகு அது மரத்துவிடும். உதடும் மரத்துப்போவதால் ரெகுலேட்டரின் ஓரத்தில் தண்ணீர் கசிவதே தெரியாது. விரல்கள் மெல்ல மெல்ல மந்தமாகும். கொக்கியைத் திறப்பது, வால்வைத் திருகுவது, கேஜைப் பிடித்துப் பார்ப்பது எல்லாம் நீங்கள் வெறுங்கையால் செய்து பழகிய வேலைகள். அவற்றைத் தடித்த கையுறையோடு, உணர்ச்சி குறைந்த விரல்களால், கண்ணால் பார்க்காமல் செய்ய வேண்டும். என் கணக்கில் கை விறைக்கத் தொடங்கினால் அன்றைய சுழியோடல் முடிந்தது. உடம்பு இன்னும் சூடாக இருக்கிறதே என்று தொடர்பவர்களோடு நான் இறங்குவதில்லை.

உங்கள் ரெகுலேட்டரை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். மாலத்தீவுக்கு உதவும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பொருந்தும் பகுதியான முதல் நிலை ஒரே பாய்ச்சலில் சுற்றுநீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி இறக்குகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டால் வால்வு சில்லென்று ஆகுமே, அதேதான். 28 டிகிரிக் கடலில் சுற்றியுள்ள தண்ணீரே அந்த உலோகத்தைச் சூடாக்கிவிடும். 2 டிகிரியில் தண்ணீரிடம் கொடுப்பதற்கு வெப்பம் மிச்சமில்லை. சாதாரண பிஸ்டன் வகையில் சுருள்வில்லைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக நிற்கிறது. அது பனியாகிப் பிஸ்டனைத் திறந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் காற்று நிற்காமல் கொட்டும். வாயில் வைக்கும் பகுதியான இரண்டாம் நிலையிலோ உங்கள் மூச்சின் ஈரமே உறையும். சிலிண்டருக்குள் அடைத்த காற்று சரியாக உலர்த்தப்படாமல் இருந்தால் இன்னும் மோசம்.

இதற்காகத்தான் வெளித்தண்ணீர் புகாதபடி அடைத்த, பிஸ்டனுக்குப் பதில் சவ்வு உள்ள டயாஃப்ரம் வகையைப் பயன்படுத்துகிறோம். ஐரோப்பாவில் விற்கும் ரெகுலேட்டரில் இ.என். 250 என்ற தரக்குறியைப் பாருங்கள்; அதன் அருகே 10 டிகிரிக்கு மேல் என்று பொறித்திருந்தால் அது குளிர்நீருக்குத் தேறாதது. நல்ல கருவியும் உறையும் என்பதால் ஒன்று போதாது. தனித்தனி வால்வுகளில் இரண்டு முதல் நிலைகள், இரண்டு வாய்க்கருவிகள். கரையில் நின்று 'வேலை செய்கிறதா' என்று உறிஞ்சிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெளியே மைனஸ் 15 இருக்கும்போது நீங்கள் ஊதும் ஈரமூச்சு தண்ணீருக்குள் போவதற்கு முன்பே உள்ளே பனியாகிவிடும். தண்ணீருக்குள் முகத்தை வைத்த பிறகுதான் முதல் மூச்சு. மூச்சிழுப்பதும் டிரைசூட் என்ற நீர்புகா உடைக்குள் காற்று நிரப்புவதும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் மாதம், உள்நாட்டு ஏரி ஒன்று. துளையிலிருந்து அதிக தூரம் இல்லை. ஒரு மூச்சு இழுத்தேன், அது நிற்கவில்லை. சத்தம் காதை அடைத்தது, குமிழிகளில் என் கையே எனக்குத் தெரியவில்லை. 12 லிட்டர் சிலிண்டரில் 2400 லிட்டர் காற்று இருக்கிறது என்று கணக்கு சொல்லும். அப்படிக் கொட்டினால் சில நிமிடங்களில் காலி. வலது தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் வால்வை மூடினேன், மற்றதை வாயில் வைத்தேன், கயிற்றை இழுத்தேன். மேலே கயிறு பிடித்திருந்த தோழி என் இழுப்பு போய்ச் சேருவதற்குள் துளையில் கொதித்த குமிழிகளைப் பார்த்து என்னை இழுக்கத் தொடங்கியிருந்தாள். பெரிய வீரக்கதை ஒன்றும் இல்லை. வால்வை மூடும் அந்த ஒரு அசைவை நான் கோடையில், திறந்த நீரில், சலிக்கும்வரை பழகியிருந்தேன், அவ்வளவுதான். இதே கோளாறு திருகோணமலையில் வந்திருந்தால் மேலே வந்து படகில் ஏறித் தேநீர் குடித்திருப்பேன்.

டிரைசூட்டைப் பற்றி உங்கள் நண்பர்கள் 'அன்றே பழகிவிடலாம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே கம்பளி அடுக்குகள், அவற்றில் தங்கும் காற்று, அதை அமிழ்த்த எடை. மாலத்தீவில் 4 கிலோ கட்டியவர் இங்கே 12, 13 கிலோ கட்டவேண்டி வரும். அந்தக் காற்று ஓரிடத்தில் நிற்காது. தலை கீழே சாய்ந்தால் காலுக்கு ஓடும்; கால் பலூனாகி உங்களைத் தலைகீழாக மேலே தூக்கும். பனிக்கு அடியில் அப்படித் தூக்கப்பட்டால் பாதத்தால் கூரையை மிதித்துக்கொண்டு தொங்குவீர்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், அனுபவிக்க இருக்காது. ஆகவே இந்த மார்ச்சில் பனி வேண்டாம் என்பதே என் பதில். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பின்லாந்தின் ஏரிகளில், திறந்த நீரில், டிரைசூட்டோடு இறங்கிப் பழகுங்கள். வெப்பம் குறைந்துகொண்டே வரும்போது நீங்களும் அதோடு இறங்கிவருவீர்கள். அடுத்த மார்ச்சில் பனி உங்களுக்குச் சுகமாக இருக்கும்.

பனியின் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, அதில் முக்கியமான ஆள் நனைவதே இல்லை. முக்கோணமாக அறுப்பார்கள், மூலையில் இரண்டு கைகளையும் இரு பக்கமும் ஊன்றி ஏறுவது எளிது. சங்கிலி ரம்பத்துக்கு எந்திர எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய் ஊற்றுவார்கள், ஏரி கெடாமல் இருக்க. துளையிலிருந்து ஆரக்கால்களாகப் பனித்தூளை வாரி ஒதுக்கி, துளையை நோக்கி அம்புக்குறிகளும் போடுவார்கள். கீழேயிருந்து பார்த்தால் அந்தக் கோடுகள் வெளிச்சமாகத் தெரியும். உங்கள் மார்புவாரில் ஒரு கயிறு, அதன் மறுமுனை ஒரு மனிதரின் கையில். அவருக்கு வேறு வேலை கிடையாது. படம் எடுக்கக் கூடாது, அரட்டை அடிக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொரு சுழியோடி முழு உடையில், இறங்கத் தயாராக உட்கார்ந்திருப்பார்.

கயிறு கழன்றுவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். துளையைத் தேடி நீந்தக் கூடாது. மேலேறிப் பனியின் அடிப்பக்கத்தைத் தொட்டு, அங்கேயே செங்குத்தாக நிற்க வேண்டும். கத்தி இருந்தால் பனியில் குத்திப் பிடித்துக்கொள்ளலாம். தயாராக இருந்தவர் உங்கள் கயிற்றைவிட நீளமான கயிற்றோடு இறங்கி, நீங்கள் இருக்கும் தூரத்துக்கும் அப்பால் போய், பனியின் அடியிலேயே ஒரு பெரிய வட்டம் சுற்றுவார். அந்தக் கயிறு கூரையைத் துடைத்துக்கொண்டே வந்து உங்கள் உடம்பில் மாட்டும். நீங்கள் படுத்திருந்தால் அது உங்களைத் தாண்டிப் போய்விடலாம், அதனால்தான் செங்குத்து. அசையாமல் நின்று காத்திருப்பதுதான் இதில் மிகக் கடினம் என்று நினைக்கிறேன்.

வெப்பநீர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும் ஒன்று: பனிமூடிய ஏரியில் ஆழம் போகப் போகச் சற்று வெதுவெதுப்பாகும். நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். ஆகவே பனியை ஒட்டி 0, கீழே 4. கடலில் இந்த ஆறுதல் இல்லை. உப்புநீர் மைனஸ் 1.8 வரை உறையாமல் இருக்கும். ரஷ்யாவின் வெண்கடலிலும் அண்டார்டிகாவிலும் இறங்குபவர்கள் பூஜ்யத்துக்குக் கீழேதான் மூச்சு விடுகிறார்கள்.

சிலிண்டர் விஷயமும் உண்டு. கடையில் 20 டிகிரியில் 200 பார் நிரப்பித் தருவார்கள். இரவு முழுவதும் காரில் மைனஸ் 20இல் கிடந்தால் காலையில் 173தான் காட்டும். யாரும் திருடவில்லை. தண்ணீருக்குள் போனதும் 187, 188க்கு ஏறும். ஆனால் அதே காற்று உங்களுக்கு அந்தமானில் வந்த நேரத்துக்கு வராது; குளிரில் மூச்சு வேகமாகத்தான் வரும்.

சௌனா: 10 மீட்டரில் 20 நிமிடம் போய்வந்தவருக்கு அழுத்தத்தில் உடம்பில் கரைந்து ஏறிய நைட்ரஜன் குறைவு. ஆனாலும் நான் உடனே போகமாட்டேன். சூடாகும் திசுவில் வாயு கரைந்திருக்க முடியாமல் குமிழியாக வெளியேறும். இரத்தம் அதைக் கொண்டுபோவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். உலர்ந்த உடை, சூடாக ஏதாவது குடிக்க, அரை மணி நேரமாவது பொறுமை. பியர் அதற்கும் பிறகு. அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைப் பிரிவு ஆராய்ந்து சொன்னதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: ஆழத்தில் சூடாக இருந்துவிட்டு மேலேறும் கட்டத்தில் குளிர்ந்தால் பெண்ட்ஸ் எனப்படும் அழுத்தநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. குளிர்நீரில் எல்லோருக்கும் இயல்பாக நடப்பது அதுதான்; இறங்கும்போது சூடு, ஏறும்போது நடுக்கம்.

ஓயாமோவைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். அங்கே கயிறு பிடிக்க மேலே யாரும் இல்லை. வழிக்கயிற்றை நீங்களே பின்பற்ற வேண்டும். எங்கள் நாட்டில் மோ இ ரானா பக்கம் புளூரா குகை இருக்கிறது. 2014 பிப்ரவரியில் பின்லாந்திலிருந்து வந்த ஐந்து பேர் குழு அதைக் கடக்க முயன்றது. இரண்டு பேர் 110 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இறந்தார்கள். எல்லோரும் அனுபவசாலிகள். மீட்பது மிகவும் ஆபத்து என்று அதிகாரபூர்வ முயற்சி கைவிடப்பட்டது. மார்ச்சில் நண்பர்களே தடையை மீறி இறங்கி உடல்களைக் கொண்டுவந்தார்கள். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆழம், குளிர், கூரை மூன்றும் சேரும் இடத்தில் ஒரு சின்னத் தடங்கல் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. குகை ஆசை இருந்தால் மெக்சிகோவுக்குப் போய் 25 டிகிரியில் நிதானமாகக் கற்றுக்கொண்டு வாருங்கள். அது எளிது.

பெர்ம் பழைய மாணவன்:

எனக்கு டைவிங் தெரியாது, பெர்மில் மருத்துவம் படித்தவன். ஒரு குளிர்கால விடுமுறையில் ரஷ்ய நண்பர்களோடு ஓர்தா குகைக்குப் போய் மூட்டை தூக்கினேன். குங்கூரிலிருந்து போக வேண்டும். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி நீருக்குள். ஜிப்சம் பாறை, அதனால் சுவரெல்லாம் வெள்ளை. படிக்கட்டின் கடைசியில் நின்று விளக்கடித்தால் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. காலை நனைத்த பிறகுதான் தெரிந்தது.

ஜிப்சம் நீரில் கரையும். மேலே கூரை உதிரும் நிலையில் இருக்கும், விடுகிற குமிழிகள் போய் முட்டினால் துண்டுகள் பெயர்ந்து விழும் என்று நண்பர்கள் சொன்னார்கள். குகைக்குள் 4, 5 டிகிரி. வெளியே மைனஸ் 20க்கும் கீழே. ஏறி வந்து நின்ற சில நிமிடங்களில் டிரைசூட்டின் ஜிப் உறைந்துவிட்டது. பிளாஸ்கில் இருந்த தேநீரை ஊற்றித்தான் திறந்தோம். சர்க்கரை போட்ட தேநீர். அந்தச் சூட்டுக்குள் இருந்த நண்பர் அதற்குப் பிறகு எங்களோடு கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஹூஸ்டன்காரன்:

வடகடல் அக்கா, நீங்கள் எழுதியதில் கடைசிச் சொல்லை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மெக்சிகோ எளிதா? அங்கே யுகட்டானில் செனோட்டே எனப்படும் நீர் நிறைந்த பள்ளங்களின் குகைகளில் பயிற்சி முடித்தவன் நான். வெதுவெதுப்பு இருப்பதால்தான் அங்கே ஆட்கள் போகக் கூடாத இடத்துக்குப் போகிறார்கள். குளிர் உங்களை 30 நிமிடத்தில் துரத்திவிடும். 25 டிகிரியும் கண்ணாடித் தண்ணீரும் யாரையும் துரத்தாது. பகல் வெளிச்சம் தெரியும் எல்லையில், இதற்கு மேல் போகாதே என்று மரண உருவம் வரைந்த பலகை நிற்கிறது. அதைப் படித்துவிட்டு, 'சும்மா அந்த வளைவு வரைக்கும்' என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலில் மாட்டிய துடுப்பு ஒரு முறை தரையைத் தட்டினால் போதும், வண்டல் எழும்பி எல்லாம் மறைந்துவிடும். மேலே நன்னீர், கீழே உப்புநீர். இரண்டும் சேரும் அடுக்கில் கண்ணே மங்கும், முன்னே போகிறவரின் விளக்கு கூடச் சரியாகத் தெரியாது. 2018இல் சாக் ஆக்டுன், டோஸ் ஓஹோஸ் என்ற அங்குள்ள இரண்டு குகைத்தொடர்களும் ஒன்றோடொன்று இணைந்தவை என்று கண்டுபிடித்தபோது மொத்த நீளம் 347 கிலோமீட்டர். வழி தவறினால் எவ்வளவு தூரம் தவறலாம் என்று பாருங்கள்.

குகை டைவர் ஷெக் எக்ஸ்லி ஃபுளோரிடாவில் விபத்துகளைப் பிரித்துப் பார்த்து 1979இல் எழுதிய விதிகளுக்குப் பின்னால் இருப்பவை வெப்பமான ஊற்றுக் குகைகள்தான்: வெளியே வரை அறுபடாத வழிக்கயிறு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க, ஆழத்துக்கு எல்லை. பிறகு பயிற்சியும் மூன்று விளக்குகளும் சேர்ந்தன. குளிர் இல்லாமலே இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள். தாய்லாந்தில் சிறுவர்கள் சிக்கிக்கொண்ட தாம் லுவாங்கும் வெப்ப நாட்டுக் குகைதான்.

வடகடல்:

ஹூஸ்டன் தம்பி, 'எளிது' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். கைகள் வேலை செய்யும் இடத்தில் கற்பது நல்லது என்று படித்துக்கொள்ளுங்கள். வழிக்கயிற்றை விளக்கில்லாமல் விரலால் தொட்டுத் தொட்டு வெளியே வரும் பயிற்சியை 4 டிகிரியில் முதல்முறை செய்கிறவருக்குக் கயிறு தெரியாது, விரல் வலிதான் தெரியும்.

ஆனால் தாம் லுவாங்கை நீங்கள் எடுத்ததால் சொல்கிறேன், அது என் பக்கம் பேசுகிறது. 2018 ஜூலை 2 அன்று அந்தப் பன்னிரண்டு சிறுவர்களையும் பயிற்சியாளரையும் கண்டுபிடித்த ரிக் ஸ்டாண்டனும் ஜான் வொலாந்தனும் எங்கே பழகியவர்கள்? பிரிட்டனின் குளிர்ந்த, கலங்கிய, உடம்பு மட்டும் நுழையும் குகைகளில். செனோட்டேயின் தெளிந்த நீரில் மட்டும் பழகியிருந்தால் அந்தச் சேற்றுநீரோட்டத்தில் என்ன செய்திருப்பார்கள்? தண்ணீர் வெப்பமானதுதான், ஆனால் மணிக்கணக்கில் அதில் இருந்தால் ஒல்லியான பிள்ளைகளின் உடம்பு குளிர்ந்துவிடும். அதனால் வெட்சூட் அணிவித்துத்தான் கொண்டுவந்தார்கள்.

மூன்றில் ஒரு பங்குக் கணக்கும் குளிர்நீரில் எனக்குப் போதாது. திரும்பிவரும்போதுதான் உடம்பு குளிர்ந்திருக்கும், மூச்சு கூடியிருக்கும், ரெகுலேட்டர் கொட்டினால் அதே மிச்சத்திலிருந்துதான் போகும். எங்கள் ஆட்கள் பலர் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்கு முன்பே திரும்புவார்கள்.

பெர்ம் தம்பி, அடுத்தமுறை வெறும் வெந்நீர் கொண்டுபோங்கள்.

எஸ்போவாசி:

எல்லோருக்கும் நன்றி. நண்பர்களிடம் பேசிவிட்டேன். மார்ச்சில் இறங்கவில்லை, மே மாதம் டிரைசூட் பயிற்சிக்குப் பதிவு செய்திருக்கிறேன். வடகடல் அக்கா எழுதியதை மொழிபெயர்க்கச் சொல்லிக் குழுத்தலைவர் கேட்டார். ரெகுலேட்டர் பகுதிக்குத் தலையாட்டினார். சௌனா பகுதிக்கு முகத்தைச் சுளித்தார்.

மார்ச்சில் கரையில் நின்று பார்க்கப் போகிறேன். மனைவியிடமும் சொல்லியாயிற்று. அவருக்கு நீச்சலே தெரியாது. இருந்தாலும், 'கயிறு பிடிக்கும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுப்பார்களா, நீங்கள் இறங்கும்போது முனை என் கையில் இருக்கட்டும்' என்கிறார். அது நடக்கிற காரியமா?

வடகடல்:

நடக்கும். எங்கள் குழுவில் நன்றாகக் கயிறு பிடிக்கும் இருவர் சுழியோடுவதே இல்லை. ஆனால் இதற்கும் பயிற்சி உண்டு. கயிறு தளரவும் கூடாது, உங்களை இழுக்கவும் கூடாது. நீங்கள் ஒரு மீட்டர் நகர்ந்தால் அவருக்குத் தெரிய வேண்டும். எத்தனை இழுப்புக்கு என்ன பொருள் என்பது குழுவுக்குக் குழு மாறும், ஆகவே உங்கள் நண்பர்களிடமே கற்கட்டும். விடாமல் பலமுறை இழுத்தால் உடனே தூக்கு என்பது மட்டும் நான் போன இடங்களில் எல்லாம் ஒன்றுதான். துளையின் ஓரத்தில் நிற்பதால் அவரும் மிதவை உடை அணிந்து, தனியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். முதலில் உங்களுக்கு வேண்டாம், வேறு யாருக்காவது பிடித்துப் பழகட்டும். கணவர் கீழே இருக்கும்போது கை தானாகவே இழுக்கும்.

அரை மணி நேரம் அசையாமல் பனிமேல் நிற்கப் போகிறவர் அவர். ஆகவே முதலில் அவருக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள், இரண்டு அளவு பெரிதாக, உள்ளே கம்பளிக் காலுறைக்கு இடம் இருக்கும்படி. பாதத்துக்குக் கீழே போட ஒரு ரப்பர் பாயும் எடுத்துப் போங்கள். துளையை அறுத்தவர்கள் கிளம்பும் முன் சுற்றிலும் மரக்கிளைகளை நட்டு அடையாளம் வைக்கிறார்களா என்றும் பார்த்துவாருங்கள். இரவில் அந்த ஏரியில் பனிச்சறுக்கிக்கொண்டு வருபவர்கள் இருப்பார்கள்.